ஆடியில் தோற்ற தலைவர்

கூட்டாளி,

இன்று காலை அந்த ஜம்பர் துண்டை, பாறை துளைத்த நம் பழைய இரும்புக் கம்பியை, ஆணியிலிருந்து இறக்கித் துடைத்தேன். துரு மூக்கில் ஏறியது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, சம்மட்டி பட்டுச் சூடான இரும்பு வாசனை வந்துவிட்டது. அந்த வாசனை வந்தால் நீயும் வந்துவிடுவாய். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

சங்கதி இதுதான். நம் சங்கத்தில் இந்தத் தையில் என்னை மறுபடி தலைவராக்கினார்கள். நேற்று ஆடிக் கூட்டம். கமிட்டி மறுபடியும் என் கையை விட்டுப் போய்விட்டது. ஏழு பேரில் ஐந்து பேர் எனக்கு ஆகாதவர்கள். நீ இருந்திருந்தால் வாயில் தோள்துண்டை வைத்துக்கொண்டு சிரித்திருப்பாய். முதல் தடவை இப்படி நடந்தபோது ஜெயித்தவர்களுக்கு முன்னால் நின்றவனே நீதானே.

அந்தக் கதை உனக்குத் தெரியும். என் பக்கத்துக் கதை தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லாமலே விட்டேன்.

இந்தத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நம் கூலி லைன் முழுக்க அப்போது தட்டி வீடுகள். வட ஆற்காட்டிலிருந்து வந்த நமக்கு இங்கே சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. செத்தால் புதைக்கக்கூட இந்த மண் சுலபமாக இடம் தராது. முழ ஆழம் போனால் பாறை. ஒரு குழிக்குப் பத்துப் பேர் வேண்டும், சுரங்கத்தில் துளை போடுவதைப் போலவே கம்பி பிடித்து அடிக்க வேண்டும். அதற்காகத்தான் சாவுச் சங்கம் வைத்தோம். தலைவர் தை மாதம் வருவார், ஒரு வருஷம் இருப்பார். ஏழு பேர் கமிட்டியை லைன் ஆடியில் தேர்ந்தெடுக்கும். மணி வாங்க வழியில்லாமல், தேய்ந்துபோன ஒரு ஜம்பர் துண்டைக் கம்பியில் கட்டினோம். தலைவர் அதை அடித்தால்தான் கூட்டம், அடிக்காவிட்டால் யார் என்ன பேசினாலும் அது வெறும் பேச்சு.

எழுதப் படிக்கத் தெரியும் என்று என்னைத் தலைவராக்கினார்கள். வந்ததும் நான் போட்ட சட்டம் உனக்கு மறக்காது. தொடர்ந்து மூன்று ஞாயிறு கூட்டத்துக்கு வராதவன் பெயரை வெட்டு, அவன் வீட்டுச் சாவுக்குச் சங்கம் வராது. ஊருக்குக் குழி வெட்ட வராமல் தன் வீட்டில் விழுந்தால் மட்டும் ஓடி வருகிறார்களே என்று எனக்கு எரிச்சல். எரிச்சலில் நியாயம் இருந்தது, சட்டத்தில் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அசந்து தூங்கியவன் பெயரையெல்லாம் வெட்டினேன். அவர்களில் ஒருவன் சின்னப்பன். அவன் மனைவி செத்தபோது அவன் பெயர் பட்டியலில் இல்லை. அவனும் அவன் மச்சான்மார் மூன்று பேரும் தூக்கிப்போய், நாள் முழுக்க அந்தப் பாறையோடு போராடினார்கள். அவர்கள் தூக்கிப்போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சட்டம் சட்டம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் லைன் எனக்குப் பதில் சொன்னது. தை வரை என்னை யாரும் இறக்க முடியாது, ஆனால் கமிட்டி முழுக்க உன் பக்கம். முடிவு தெரிந்ததும் உன் ஆள் ஒருவன் என் முக்காலியைத் தூக்கப் போனான். நீ அவன் கையைப் பிடித்தாய்.

"வையிடா கீழ. தை வரிக்கும் அவுருதான் பிரசிடெண்டு. நம்ம சண்ட சட்டத்தோட, அவுரு குந்துற முக்காலியோட இல்ல."

அன்று அதுவும் எனக்கு அவமானமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை ஒரே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினோம். நான் கம்பி பிடிக்கிறவன், நீ சம்மட்டி போடுகிறவன். அடியில் நம் லெவல் பாதையில் மெழுகுவத்தியைக் களிமண்ணில் ஒட்டி வைத்துவிட்டு, பாறையில் ஜம்பரை ஊன்றிப் பிடித்தேன். நேற்று என்னைத் தோற்கடித்தவன் தலைக்கு மேல் சம்மட்டியை ஓங்குகிறான். ஒரு விரல் பிசகினால் என் மணிக்கட்டு போச்சு. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னா பிரசிடெண்டு, கண்ண மூடிக்கினா எப்டி? கம்பியத் திருப்பு, நான் அடிக்கிறேன்."

அடித்தாய். நேராகக் கம்பியின் தலையில் விழுந்தது. அன்று மாலை வரை ஒரு அடி தவறவில்லை. அதன் பிறகு வந்த நாட்களிலும் தவறவில்லை.

மேலே வந்ததும் நான் செய்தது என்ன? அந்த ஜம்பர் மணியை என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அடிக்கவில்லை. கூட்டம் கூடினால் என் சட்டத்தை எடுத்துவிடுவீர்கள். கூடாவிட்டால் தை வரை அது இருக்கும். பெரிய ராஜதந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் ஏழு பேரும் கூட்டம் நடக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் வந்து உட்கார்ந்தீர்கள். மணி இல்லாமலே நடத்திவிடலாம் என்று உன் ஆட்கள் குதித்தார்கள். "மணி இல்லாட்டி கூட்டம் இல்ல. நாமே மொறைய மீறினா அவுர இன்னான்னு கேக்கறது?" என்று நீ அடக்கி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாய். என் மனைவி தட்டி இடுக்கில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. மூன்று ஞாயிறும் நான் வீட்டை விட்டு நகரவில்லை.

நாலாம் ஞாயிறு விடிந்தபோது என் அப்பா எழுந்திருக்கவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரையும் கூப்பிட வாய் வரவில்லை. மூன்று ஞாயிறு வராதவன் நான். என் சட்டப்படி என் பெயர் வெட்டப்பட வேண்டும். அந்தச் சட்டத்தை எடுக்கக் கூட்டம் வேண்டும், கூட்டத்தை நானே கட்டிப்போட்டு வைத்திருந்தேன். அப்பாவைச் சின்னப்பன் மனைவி போன மாதிரி அனுப்பப்போகிறோம் என்று நினைத்தபோதுதான், அன்று வாசலில் நின்று நான் பார்த்தது என்னவென்று புரிந்தது.

நீ கமிட்டி ஆட்கள் ஆறு பேரோடு வந்தாய். உன் பின்னாலிருந்தவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "அவுரு ரூலு அவுருக்கில்லியா?" நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ஆணியிலிருந்து ஜம்பர் துண்டை எடுத்து, ஒரு சுத்தியலோடு என் மடியில் வைத்தாய்.

"அடி. கூட்டம் நடக்கட்டும். ரூல எடுத்துட்டு அப்பால தூக்கலாம்."

"இப்பவா?" என்றேன்.

"இப்பத்தான். நான் சும்மா தூக்கிக்கினு போனா, உனக்குப் பண்ண உபகாரம் ஆயிடும். ரூலு போச்சுன்னா அல்லாருக்கும் போவும். உங்கப்பாவுக்கு யாரும் பிச்ச போட வாணாம்யா."

அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன். லைன் முழுக்கக் கதவு திறந்தது. செத்தவர் உள்ளே கிடக்க, வாசலில் கமிட்டி கூடியது. சட்டத்தை எடுக்க ஏழு கையும் உயர்ந்தன. என்னைத் தலைவர் என்ற முறையில் கேட்டாய், நான் சம்மதம் என்றேன். வெட்டிய பெயர்களையெல்லாம் உரக்கப் படித்துத் திரும்பச் சேர்த்தேன். குழிக்கு முதல் கம்பியைப் பிடித்தது யார் தெரியுமல்லவா? சின்னப்பன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அதற்குப் பின் தை வரை இருந்த மாதங்கள்தான் நான் தலைவனாக இருந்த நல்ல மாதங்கள். ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் உங்களிடம் வந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் போனால் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போதே பாதி யோசனை அசட்டுத்தனம் என்று எனக்கே தெரிந்தது. தையில் தோற்றேன். ஆனால் அன்று எனக்கு வலிக்கவில்லை.

கடைசியில் பாறைத் தூசி உன் நெஞ்சை அடைத்துக்கொண்டது. உனக்குக் குழி வெட்டின அன்று கம்பி பிடித்தவன் நான். சம்மட்டி யார் யாரோ போட்டார்கள். நான் கண்ணை மூடவில்லை.

உனக்கு நன்றி என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நேற்று ஜெயித்தவர்களில் முன்னால் நிற்கிறவன் சின்னப்பனின் மகன். என் மேல் அவனுக்கு இருக்கிற கோபம் எந்த வயதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இன்று ஞாயிறு. தொட்டியடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், மணி அடிப்பேனா மாட்டேனா என்று என் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு. எண்ணெய் காயட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். காய்ந்துவிட்டது.

போய் அடிக்கிறேன்.