எதிர்க்கடைக்கு விட மாட்டேன்

மரியபுஷ்பத்தின் அப்பாவுக்கு,

கடைச் சாவியைத் தேடிச் சட்டி பானையை உருட்ட வேண்டாம். அது என் இடுப்பில் இருக்கிறது. நான் முதல் பஸ்ஸில் திருச்செங்கோடு தாலுகா ஆபீசுக்குப் போகிறேன்.

எதிர்க்கடை மாரியப்பன் மத்தியானம் வருவார். கடையையும் மண்ணெண்ணெய் பர்மிட்டையும் அவருக்கே விட்டுவிடுவதாக நேற்று நீங்கள் அவரிடம் சொன்னது, உள்ளே புளி நிறுத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "பொம்பள கல்லாவுல உக்காந்தா ஊரே சிரிக்குதுங்க" என்றும் சொன்னீர்கள். யுத்தம் வந்து சரக்கு வராமல் போனபோது நீங்கள் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டீர்கள். பாலத்தைத் தாண்டி பவானிக்கு நடந்துபோய், உப்பும் மிளகாயும் தலையில் சுமந்து வந்தவள் நான். அப்போது எந்த ஊர் சிரித்தது?

பர்மிட்டை என் பெயருக்கு மாற்றக் கேட்டு, பங்குச் சாமியார் மனு எழுதித் தந்திருக்கிறார். அது கிடைக்காவிட்டாலும் உப்பும் தீப்பெட்டியும் விற்றுக் கடையை நடத்துவேன். "எம் பொஞ்சாதி ஒப்பலீங்க" என்று மாரியப்பனிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடங்கள்.

கம்மஞ்சோறு உறியில் இருக்கிறது. வெங்காயத்தை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள். கை தேய்ந்துவிடாது.

ஜெபமலர்

இன்னொன்று: வீட்டு மரப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தாயி அதைக் கேட்டு வருவாள். அவள் மகள் பச்சைப் பிள்ளையோடு இருட்டில் கிடக்கிறாள். பேசாமல் எடுத்துக் கொடுங்கள். அதையும் மாரியப்பனுக்குக் கொடுத்தீர்களென்று தெரிந்தால், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்குத்தான் போவேன். இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.