ஒரு வரி மாற்றினால் போதும் என்றாய்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நானும் கடையும் நலம். அங்கே நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். பேரன் நடப்பதை வீடியோவில் பார்த்தேன். கால் கொஞ்சம் வளைவாகத் தெரிகிறது, டாக்டரிடம் காட்டுங்கள். போனில் பேசினால் பாதியில் பாப்பா வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

தண்ணீர் மோட்டார் சாமான்கள் நன்றாகப் போகின்றன. எதிரே புதிதாக ஒருவன் இதே வியாபாரத்துக்குக் கடை போட்டிருக்கிறான். போர்டு பெரிது, சரக்கு கம்மி. அவனைப் பற்றிக் கவலை இல்லை.

கவலை நீ கடைக்கு எழுதிக் கொடுத்த பில் புரோகிராம்தான். காலையில் அது இருக்கிற இணையப் பக்கத்தைத் திறந்து பச்சைப் பட்டனை அழுத்தினால் 'மெயின்' என்கிற உன் ஃபைல்தான் முதலில் ஓடுகிறது. நீ அங்கிருந்து உள்ளே வந்து, அன்றைய விலைகளைப் பார்த்துச் சரி என்று அடித்த பிறகுதான் இங்கே பில் போட முடிகிறது. அதுவரை கல்லாவுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். திரையின் மேல் மூலையில் உன் பெயரின் முதல் எழுத்து சின்ன வட்டமாக வந்த பிறகுதான் உட்காருகிறேன்.

போன வாரம் போனில் நீ, இனி அது வேண்டாம், 'கடை' என்று ஒரு புது ஃபைல் எழுதியிருக்கிறேன், விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம், அது முதலில் ஓடுகிற மாதிரி செட்டிங்ஸில் ஒரு வரியை மாற்றிவிடுங்கள் என்றாய். அடுத்த மாதம் பாப்பா ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேருகிறேன், பிறகு காலையில் எட்டிப்பார்க்க முடியாது என்று அதே மூச்சில் சொன்னாய். பிரசவம் பார்க்கத்தானே போனாய்? பிறந்தவன் நடக்கிறான்.

மாற்றத்தான் பார்த்தேன். நம் கடையில் கம்பியில் மேலே குத்தியிருக்கிற சீட்டின் ஆர்டர்தானே முதலில் வெளியே போகும்? அதே கணக்கில் 'கடை' ஃபைலின் பெயருக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் போட்டு அதை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்தேன். பட்டனை அழுத்தினால் மறுபடியும் 'மெயின்'தான் ஓடியது, நீதான் வந்தாய். பில் போடுகிற பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. "முதலாளி, மேல இருந்தா முதல்ல ஓடிடுமா? அம்மா ஒரு வரியத்தானே மாத்தச் சொன்னாங்க? தள்ளுங்க, நான் மாத்துறேன்" என்றாள். உன் வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். அவள் இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போனபோது நானே உட்கார்ந்தேன். பூஜ்யங்களை எடுத்துவிட்டு, நீ சொன்ன மூன்று புள்ளியை அழுத்தி, மறைந்திருக்கிற ஃபைல்களைக் காட்டச் செய்து, செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். எது முதலில் ஓட வேண்டும் என்கிற வரி அதில் இருந்தது. 'மெயின்' என்பதை அழித்து 'கடை' என்று அடித்தேன். பட்டனை அழுத்தினேன்.

ஓடியது. ஒரு தடங்கல் இல்லை. விலை கேட்டது, கொடுத்தேன். பில் வந்தது. உன்னைத் தேடவே இல்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

உடனே அந்த வரியைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டேன். பில் போடுகிற பெண்ணிடம் சரியாக வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நீ வேலைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்தமாகச் சம்பாதிக்கிற ருசி எனக்குத் தெரியாததா? போ, சேர். ஆனால் இங்கே திரும்பி வர ஒரு தேதி சொல். தள்ளியே இருந்தாலும் பரவாயில்லை, தேதி வேண்டும். சொன்ன அன்றைக்கே அந்த வரியை மாற்றுகிறேன். இந்த மனிதர் என்னிடமும் பேரம் பேசுகிறாரே என்று நினைப்பாய். ஆமாம், பேசுகிறேன். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நீ இங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்