வெள்ளை வேன்

ஞாயிறு, இரவு.

காலையில் நந்தினி வீடியோவில் கூப்பிட்டாள். ஒசாகாவை விட்டு வெளியே போகும் நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில், கையில் ஒரு அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அட்டையில் ஒகயாமா என்று அந்த ஊர் எழுத்தில் எழுதியிருந்தாள்.

"ஏன் கண்ணு, அந்த ஊருக்கு ரயில் இல்லியா?"

"இருக்குதுங்ம்மா. லிப்ட் கேட்டா யாராச்சும் நிறுத்தறாங்களான்னு பாக்கலாம்னு."

திட்டியிருக்க வேண்டும். நானோ, "அந்தச் செவப்புக் காரு மெதுவா வருது பாரு" என்று இங்கே கணபதியில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் எதுவுமே நிற்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளை வேன் நின்றது. ஓட்டி வந்தவளுக்கு என் வயதிருக்கும். போனில் என்னைப் பார்த்ததும் தலை குனிந்து வணங்கி ஏதோ சொன்னாள்.

"எறங்கற வரைக்கும் அம்மா பாத்துட்டே வரட்டும்ங்கறாங்க" என்றாள் நந்தினி. போனை முன்கண்ணாடி ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சுரங்கப்பாதைக்குள் படம் அறுந்துபோனது. போனை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். மறுபடி வந்தபோது இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "நந்தினி எதுல போனா?"

"வேன்லீங்க."

யாருடைய வேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்தான்.

ஆனால் அந்த இருட்டுக்குள் அப்படி என்ன பேசிச் சிரித்தார்கள்?