இருபத்தைந்தாம் எண் கதவு

இன்று காலை தேவகியின் கறுப்புத் திரையில் ‘ட்ரையிங்’ என்ற ஒற்றைச் சொல் வந்து அப்படியே நின்றது. அதற்குக் கீழே வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே உன் குரல்தான் கேட்டது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும், அந்தச் சொல்லைப் பார்த்தால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

தேவகி என்னோடு வேலை செய்கிறவள், ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நேற்றிலிருந்து அலுவலக மெயில் எதுவும் வெளியே போகவில்லை. இவள்தான் ஏதோ கெடுத்துவிட்டாள், அடுத்த மாதம் இவள் வேண்டாம் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெங்களூர் பீன்யாவில் உனக்கு நடந்த அதே அநியாயம்.

நினைவிருக்கிறதா, அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினி அறை? நான் ஆம்பூரிலிருந்து புதிதாக வந்தவள். நீ அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்த சண்டையைக் கன்னடத்தில் முடிப்பாய். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு உன் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. சரக்கு கிளம்பியதும் வாங்குகிறவர்களுக்கு மெயில் போயாக வேண்டும், இல்லாவிட்டால் லாரியை அவர்கள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை அந்த மெயில் நின்றுபோனது.

அப்போதைய மேலாளர், வெளியூர் மெயில் கணினி விழித்திருக்கிறதா என்று பிங் அடித்துப் பார்த்தார். எதிர்முனையிலிருந்து பதில் வந்தது. “லைன் நல்லாத்தான் இருக்கு. உன் செட்டிங்தான் கெட்டுக் கிடக்கு. சாயந்திரத்துக்குள்ள போகலைன்னா நாளையிலேர்ந்து வராதே” என்றார். பிங்குக்குப் பதில் வந்தால் எல்லாம் சரி என்பது நம் தொழிலின் மூடநம்பிக்கை. காலிங்பெல் அடிக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் விடுவார்கள் என்று ஆகிவிடுமா?

எனக்கு அழுகை முட்டியது. நீயோ தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, டெல்நெட் என்று தட்டி, வெளியூர் மெயில் கணினியின் பெயரையும் இருபத்தைந்து என்ற எண்ணையும் போட்டாய். மெயில் நுழைகிற கதவுக்கு அந்த எண்.

“மூணே பதில்தான்டீ” என்றாய். “கதவு திறந்தா சரி. ‘ரெஃப்யூஸ்டு’ன்னு மூஞ்சில அடிச்சா, கதவு சாத்தியிருக்கு, ஆனா வீடு வரைக்கும் போய்ட்டோம். பேச்சு மூச்சே இல்லைன்னா, நடுவழில எவனோ மறிச்சிட்டு நிக்கிறான்.”

திரையில் ‘ட்ரையிங்’ என்று வந்து நின்றது, அதற்குமேல் பேச்சு மூச்சு இல்லை. வெப்சைட்டுக்கான கதவைத் தட்டினாய், உடனே திறந்தது. பிறகு கணக்குப் பிரிவின் டெலிபோன் ஒயரைக் கேட்காமலே பிடுங்கி மோடத்தில் சொருகினாய். வேறொரு இன்டர்நெட் கம்பெனியின் இணைப்பு வழியாக அதே கட்டளையைத் தட்டினாய். எதிர்முனை வணக்கம் சொல்லும் வரி வந்து விழுந்தது. நம் கணினியில் குற்றமில்லை. நமக்கு லைன் கொடுத்தவர்கள்தான் வழியை அடைத்திருந்தார்கள்.

அவர்களைப் போனில் பிடித்தாய். “நம்ம கடேயிந்த ஏனூ ப்ராப்ளம் இல்ல மேடம்” என்றான் அங்கிருந்தவன். தங்கள் பக்கம் ஒரு கோளாறும் இல்லையாம். நீ விடவில்லை. குப்பை மெயிலைத் தடுக்க எல்லா வாடிக்கையாளருக்கும் அந்தக் கதவை மூடிவிட்டதாக ஒப்புக்கொள்ள வைத்து, சாயந்திரத்துக்குள் நமக்குத் திறந்துவிடுவதாகச் சொல்ல வைத்த பிறகுதான் ரிசீவரை வைத்தாய்.

“சரிம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோ. போய் வேலையப் பாரு” என்றார் மேலாளர், கொஞ்சம் அனுசரித்துப் போ என்கிற மாதிரி. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நீ எழுந்து உன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாய்.

“அட்ஜஸ்ட்டெல்லாம் பஸ்ஸுல சார். இங்க நீங்களே உக்காந்து தட்டிப் பாருங்க.”

மொத்த செக்‌ஷனும் பின்னால் நிற்க, அவர் ஒற்றை விரலால் தட்டினார். திரை உறைந்து நின்றது. மோடம் வழியாகத் தட்டினார், வணக்கம் வந்தது. “உன் மேல தப்பில்ல” என்று முணுமுணுத்தார். “கேக்கல சார்” என்றாய். பயத்தில் நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். அவர் இன்னொரு முறை, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

பஸ்ஸில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். வேலை மிஞ்சியதே பெரிய விஷயம், இவ்வளவு வாய் எதற்கு என்றேன். “வேலை போனா வேற தேடிக்கலாம். பேரு போனா எங்கடி போய்த் தேடுறது?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பாவி, அவ்வளவு வாயாடியை ஒரு மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. இன்றைக்கும் உன்னை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

நானும் தேவகியும் இன்று மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். வழியை மறித்தது, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்ட மேலாளரே சொல்லி மாட்டவைத்த புது ஃபயர்வால். “மெயில் போனாச் சரி, விடும்மா” என்றார். தேவகி தலையைக் குனிந்து “சரி சார்” என்றாள். எனக்குச் சரியில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும்.  இருந்தாலும் அவர் முன்னால் போய் நின்று, ஃபயர்வாலைச் சரிசெய்வதற்கு முன்னால் நாளைக் காலை எல்லாரும் வந்த பிறகு தேவகியின் மேசைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் உட்காரட்டும், தன் கையாலேயே தட்டட்டும். அவள் மேல் தப்பில்லை என்று சத்தமாகச் சொல்கிற வரைக்கும் அவர் பின்னாலிருந்து நான் நகரப்போவதில்லை.