ஆத்தாளை ஆட்டோவில் ஏற்றியவனுக்கு

மச்சான், ஆடி பிறந்துவிட்டது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது நம் பிளாக் படியோரம் வேப்பிலைக் கட்டுகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும், உன் வண்டி நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எவனோ பைக் நிறுத்தியிருக்கிறான். நீ போனபிறகு இது முதல் ஆடி. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு உன்மேல் நிறையவே கோபம் இருக்கிறது. செல்வி இந்த வருடம் கோயிலில் கூழ் ஊற்றப் போகிறேன் என்கிறாள். போ என்பதா, வேண்டாம் என்பதா? என் மகள் விஷயத்தில் இதையெல்லாம் நான் உன்னிடம்தானே கேட்பேன்?

அந்த ஆடியை நீ மறந்திருக்கமாட்டாய். அவளுக்குப் பத்தொன்பது வயது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், குளிக்கச் சொன்னால் அழுதவள், திடீரென்று எழுந்து வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். ஓயாத பேச்சு, பாட்டு, சிரிப்பு. பிள்ளை தேறிவிட்டாள் என்று நானும் அவள் அம்மாவும் பூரித்துப்போனோம். தி.நகர் தையல் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் தூங்கவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அத்தனை நாள் படுத்தே கிடந்தாளே, தூக்கம் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டோம்.

கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை அம்மன் முன்னால் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள். பம்பை நின்ற பிறகும் அவள் நிற்கவில்லை. "இந்தக் குப்பத்துல இனிமே யாருக்கும் கஷ்டம் கெடையாது, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றாள். மீன் விற்கும் பெண்கள் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் காலில் விழுந்தார்கள். ஒருத்தி தன் மகள் கல்யாணத்துக்குக் குறி கேட்டாள். செல்வி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டாள். நான் என் மகளைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். நெடுஞ்சாண்கிடையாக அவள் முன்னால் விழுந்தாய். "ஆத்தா, வெளிய என் வண்டி நிக்கிது. நீ ஒரு தபா ஏறி குந்துனா போதும், என் பொயப்பு ஓடிடும்" என்றாய். உன்னை மாமா என்று கூப்பிடும் பிள்ளை, "வரேன்டா" என்று சொல்லிச் சிரித்தாள். ஊரே வழிவிட, ஆத்தா ஆட்டோவில் ஏறினாள். என்னையும் ஏறச்சொல்லிக் கண்ணைக் காட்டினாய்.

அடையாறு பாலம் வரைக்கும் அவள் பாடிக்கொண்டே வந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். "சாமிய இட்டுகினு ஆஸ்பத்திரிக்கா போற?" என்று பின்னாலிருந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ வண்டியை நிறுத்தவில்லை.

"ஆத்தா வந்தா தண்ணி ஊத்துனதும் மலையேறிடுவா. இந்தப் புள்ள தூங்கி எத்தினி நாளாச்சி? எங்க அக்காவயும் இப்டித்தான் கும்பிட்டானுங்க, மச்சான். அப்பால அவ தன்னால கடல்ல எறங்கும்போது பக்கத்துல ஒருத்தனும் இல்ல."

இத்தனை வருடப் பழக்கத்தில் உனக்கு ஓர் அக்கா இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சட்டையை விட்டேன்.

டாக்டரம்மா பைபோலார் என்றார். சுவரைப் பார்த்துக் கிடந்ததும் இப்படி ஆடியதும் ஒரே நோய்தானாம். மாத்திரையை விடவே கூடாதாம். செல்வி அந்த உச்சத்திலிருந்து இறங்கித் தேறியதும் உன்னைத்தான் வெறுத்தாள். "மாமா என்ன ஏமாத்தி இட்டுகினு போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலில் விழுந்த அதே பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டார்கள். குழாயடியில் நின்று நீ கத்தினாயே: "ஆத்தான்னா கால்ல வியுவீங்க, மாத்திர துன்னா மூஞ்சிய திருப்பிப்பீங்களா? இன்னா நாயம்மே இது?" பெற்றவன் நான் கேட்டிருக்க வேண்டியது. என் வாயும் சேர்த்து உனக்கே இருந்தது.

மாத்திரை அளவு பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளெல்லாம் வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவாய். அவள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். திரும்பி வரும்போது ஒருநாள், "மாமா, பசிக்குது" என்றாள். நீ சாலையோரம் நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். தூசு விழுந்துவிட்டது என்று என்னிடம் பொய் வேறு சொன்னாய்.

இப்போது அவள் என் கடையிலேயே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாள். கூட இருக்கும் பெண்களோடு கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் என் கத்தரிக்கோல் நின்றுவிடும். இது சிரிப்பா, அதுவா? இன்றைக்கும் கண்டுபிடிக்கத் தெரியாத அப்பன்தான் நான். இன்று இரவு கடையைப் பூட்டும்போது அவளிடம் சொல்லிவிட்டேன், இந்த வருடம் வேண்டாம், வெயில் அதிகம், கூட்டம் வேறு என்று.

"வெயிலுக்கா பயப்படுற? எனக்குத்தானேப்பா பயப்படுற" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும்தான் பயமா கீது. மாத்திர போட்டாலும் ஒருநாள் மறுபடி ஏறிடலாம்னு டாக்டரம்மாவே சொல்லிகீறாங்க. அப்படி ஏறிடுச்சின்னா திட்டாத, இழுக்காத. மாமா கூப்புட்ட மாதிரி வந்து கூப்புடு. எவ்ளோ ஒசரத்துல இருந்தாலும் நான் வந்துடுவேன்."

நீ ஏமாற்றியதாக இத்தனை வருடமும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்றுதானே நாம் இரண்டு பேரும் நம்பினோம். இதைக் கேட்க நீ இல்லாமல் போனாயே, பாவி.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூழ் ஊற்றட்டும். நான் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பேன். பெற்ற பிள்ளை காலில் விழ எனக்கு வருமா, தெரியவில்லை. தேவைப்பட்டால் விழுந்துவிடுவேன், போ.