உள்வாய் நிலமும் ஒரு பொட்டலம் சீனியும்

22.10.91, செவ்வாய்

காலையில் மூடாக்கு. பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிட்டது. மிளகாய் நாற்றுக்குக் குடத்தில்தான் தண்ணீர். தோள்பட்டை வலி.

கண்மாய் உள்வாயில் டவுன்காரர்கள் மூன்று பேர் டேப் பிடித்து அளந்தார்கள். அங்கே நூல் மில் வரப்போகிறதாம். மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் ஏறி நிற்கிற இடம் அது. மற்ற நாளில் ஆடு மேயும். வடக்குத் தெருவில் எங்களுக்குக் கண்மாய்ப் பாசன வயல், அதனால் மில் கூடாது. தெற்குத் தெருவில் மானாவாரியும் கூலியும்தான், அதனால் மில் வேண்டும். அவர்களுக்காகக் கையெழுத்து வாங்கித் திரிகிறவர் அண்ணனின் மாமனார், மதினியின் அப்பா. தலைப்பிரசவத்துக்கு மதினி இப்போது இருப்பதும் அவர் வீட்டில்தான்.

டீக்கடை முன்னால் அப்பாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. குடத்தோடு நின்று கேட்டேன்.

"உள்வாயில மில்லக் கட்டிட்டு, தண்ணிய எங்க நிறுத்துவீக சம்பந்தி? உங்க தலையிலயா?"

"தண்ணி வந்தாத்தான நிறுத்த. பயக கண்மாய்க்குள்ள கிரிக்கெட்டுல்ல விளாடுறானுக. எங்க தெருப் பிள்ளைக திருப்பூருக்கு ஓடுதுக, அத யாரு பாக்குறது?"

கிரிக்கெட் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இந்த மில்லுப் பேச்ச விடுற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இரவு அப்பா சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

24.10.91, வியாழன்

வெயில். பருத்திக்கு உழவு, நம்மது பாதி முடிந்தது. தீபாவளிக்குப் பாவாடைத் துணி எடுக்க வேண்டும். பச்சை.

சாயங்காலம் தெற்குத் தெருவுக்குப் போய் மதினியைப் பார்த்தேன். எனக்கு யாரும் தடை சொல்லவில்லை. நான் போய் வருவதை யாரும் கவனிப்பதும் இல்லை. மதினிக்குக் கால் வீக்கம்.

"முத்து, பிள்ளைக்குச் சேனை எங்க மாமாதான் வைக்கணும். வீட்டுல சொல்லிரு."

மாமா என்றது எங்கள் அப்பாவை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித்தண்ணி தொட்டு வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

அத்தை, மதினியின் அம்மா, முறத்தைத் தட்டினார். "ஒங்க மாமா வச்சா பிள்ளை மொறச்சுக்கிட்டே பெறக்கும்."

"பெறந்த பிறகுதானம்மா சேனை வைப்பாக."

மூன்று பேரும் சிரித்தோம். வந்து அப்பாவிடம் சொன்னேன். கேட்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

27.10.91, ஞாயிறு

அண்ணன் லாரியில் தூத்துக்குடி லோடு முடித்து வந்தான். ஒரு நேரம் சோறு, ஒரு தூக்கம், திரும்பக் கிளம்பிவிட்டான். "ரெண்டு பேரும் பெரியவுக. நான் யாரச் சொல்ல?" என்றான்.

தலைக்குக் குளித்தேன். மில் வந்தால் பொம்பளைப் பிள்ளைகளையும் எடுப்பார்களாம். என்னைப் போல எட்டாவதோடு நின்றவர்களையும். நேற்றெல்லாம் அதே நினைப்பு. களை எடுக்கும்போது அப்பாவின் முதுகைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது.

29.10.91, செவ்வாய்

விடியும்போது மதினிக்குப் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நர்ஸம்மா பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். சேனை மட்டும் பாக்கி. மதினி தன் அப்பாவையே வைக்க விடவில்லை, எங்கள் அப்பா வரட்டும் என்கிறாள்.

டீக்கடையில் இதே பேச்சாம். "தெக்குத் தெருக்காரரு வச்சா பிள்ளை மில்லுக்குக் கையெழுத்துப் போடும். வடக்குத் தெருக்காரரு வச்சா மம்பட்டியத் தூக்கிட்டு கண்மாய் வெட்டப் போயிரும்."

அம்மா: "பேத்திங்க. போயிட்டு வாங்க."

அப்பா: "ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு."

வெகு நேரம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போயி வச்சிட்டு வா" என்றார். அம்மா சீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அங்கே ஒரே கூட்டம். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். விரலில் தொட்டு வைத்தேன். அவ்வளவு சின்ன நாக்கு. சூடு.

"நல்ல ஆளாப் பாத்து அனுப்பிச்சாக. இனி இந்தப் பிள்ளை வாயே தொறக்காது" என்றார் அத்தை.

மதினியின் அப்பா கேட்டார்: "ஏத்தா, நீ மில்லுக் கட்சியா, கண்மாய்க் கட்சியா? பிள்ளைக்குத் தெரியணும்ல."

எப்போதும் போலத் தலையைக் குனிந்திருக்கலாம். பிள்ளை இன்னும் நாக்கைச் சப்பிக்கொண்டிருந்தது.

"மில்லு வரட்டும் மாமா. நானும் வேலைக்கு வருவேன். உள்வாயில மட்டும் வேண்டாம்."

"பெறகு எங்க கட்ட? ஆகாசத்துலயா?"

"பந்தல்குடி ரோட்டு மேல எங்க புஞ்சை சும்மாதான கெடக்கு. மேடு. தண்ணி ஏறாது. லாரியும் அங்கயே வந்து நிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மாமா மெதுவாகக் கேட்டார், "ஒங்கப்பா சொல்லி அனுப்புனாரா?"

"இல்ல."

வரும் வழியெல்லாம் அதே கேள்வி. யாரைக் கேட்டுச் சொன்னேன்?

30.10.91, புதன்

தூறல். மண் நனையக்கூட இல்லை.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. காலையில் டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். வந்து கால் கழுவினார். நான் அடுப்படியில். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பிள்ளை யாரு சாடை?"

"மூக்கு ஒங்க மூக்குப்பா."

துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார்.

"அந்தப் புஞ்சைய ஒனக்குன்னு வச்சிருந்தேன். ஒன் கல்யாணத்துக்கு."

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. "தெரியாதுப்பா" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டியா?"

யோசித்தேன். "சொல்லியிருப்பேன்" என்றேன். சத்தமாக வரவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூறலிலேயே இறங்கிவிட்டார். எழுந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாதான் வாசலில் நின்றாள்.

"டீக்கடையில நிக்கல. தாண்டித் தெக்குப் பக்கம் போறாக" என்றாள்.