ஹேண்டில்பாரில் காலி கேன்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

மகள் போனில் ஏற்றிக் கொடுத்த ஆப் இன்றைக்கும் ‘எண்ணெய் வாங்கணும்’ என்று கத்தியது. அப்போது திருவேங்கடம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸில் யார் எண்ணெய் விற்கிறார்கள்? அமுக்கி நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து தாளிக்கப் போனால் கேன் காலி. மகளிடம் சொன்னால், “யப்பா, சத்தத்தைக் கூட்டி வைங்க” என்கிறாள்.

அவள் அம்மா ராஜம் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் தீர்ந்தால் காலி கேனை என் வண்டி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவாள். வார் அறுந்த செருப்பும் அங்கேதான் தொங்கும். “வாயால சொன்னா ஒங்களுக்கு மறந்துருது. முட்டில இடிச்சாத்தான் ஞாபகம் வருது” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு வேலையும் விட்டுப்போனதில்லை.

சாயங்காலம் நானே கேனை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கடை வரைக்கும் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. நன்றாக இருந்தது.

கேனைப் பார்த்ததும் கடைக்காரர் பழைய பழக்கத்தில், “மதினி மாட்டி விட்டுட்டாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆமா என்றேன்.